போஸ்டரில் இல்லாத பெயர்

குங்ஃபூ படத்தில் வசனக் காட்சியை ஒருவர் இயக்குவார். சண்டைக் காட்சியை வேறொருவர் இயக்குவார். ஹாங்காங்கில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இதுதான் வழக்கம். நடிகர்கள் பேசி முடித்ததும் படத்தின் இயக்குநர் ஒதுங்கிக்கொள்வார். சண்டை இயக்குநர் தன் ஆட்களோடு உள்ளே வருவார். கேமரா எங்கே நிற்க வேண்டும், ஒரு ஷாட்டில் எத்தனை அடி, யார் எந்தப் பக்கம் விழ வேண்டும், எந்த இடத்தில் கட் என்பதெல்லாம் அவர் கையில். எடிட்டிங்கிலும் அந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் அவர் பேச்சுதான் எடுபடும். தமிழ் சினிமாவில் ஸ்டண்ட் மாஸ்டர் என்றதும் நினைவுக்கு வரும் வேலையைவிட இது பெரிய அதிகாரம். அதனால்தான் புதிதாக ஒரு சண்டைப்படம் அறிவிக்கப்பட்டதும், இந்த வகைப் படங்களில் ஊறிய ரசிகர்கள் நாயகன் யார் என்று பார்த்துவிட்டு அதோடு நிற்பதில்லை. ஆக்‌ஷன் டைரக்டர் யார் என்று தேடுகிறார்கள். போஸ்டரில் அந்தப் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. படம் தேறுமா தேறாதா என்பதை முன்கூட்டிச் சொல்ல அதைவிட நல்ல அறிகுறியும் இல்லை.

சீனத்தில் வாள்வீரர் படங்கள் மௌனப்படக் காலத்திலேயே சக்கைப்போடு போட்டன. ஷாங்காயில் 1928இல் வந்த ‘பர்னிங் ஆஃப் தி ரெட் லோட்டஸ் டெம்பிள்’ படத்துக்கு மூன்றே ஆண்டுகளில் பதினைந்துக்கும் மேற்பட்ட பாகங்கள் வந்தன. மூடநம்பிக்கையை வளர்ப்பதாகச் சொல்லி 1931இல் அரசு இவ்வகைப் படங்களுக்குத் தடை போட, தொழில் மெல்ல ஹாங்காங்குக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1949இல் வோங் ஃபெய்-ஹுங் வரிசை தொடங்கியது. தென்சீனத்தில் உண்மையிலேயே வாழ்ந்த வைத்தியர், குங்ஃபூ ஆசான் வோங். அவர் வேடத்தை க்வான் தக்-ஹிங் என்ற நடிகர் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் போட்டார். விரல் நுனியிலிருந்து மின்னல் பாயும் மாயச் சண்டைகளுக்கு நடுவே, அசலான அடவுகளைத் திரையில் காட்டியது இந்த வரிசை.

அந்தப் படப்பிடிப்புத் தளங்களில் இரண்டு குடும்பங்கள் வேலை பார்த்தன. ஒன்று லாவ் குடும்பம். அப்பா லாவ் ஜாம், வோங் ஃபெய்-ஹுங்கின் சீடரான லாம் சாய்-விங்கிடம் பயின்றவர். மகன் லாவ் கார்-லியுங் துணை நடிகராக அங்கே வளர்ந்தார். இன்னொன்று யுவென் குடும்பம். அப்பா யுவென் சியு-தியன் பீக்கிங் ஓபரா மேடையிலிருந்து வந்தவர். மகன் யுவென் வூ-பிங். பின்னாளில் ‘தி மேட்ரிக்ஸ்’ படத்துக்குச் சண்டை அமைத்தவர் இந்த மகன்தான். ஒரு குடும்பம் அசல் தற்காப்புக் கலையிலிருந்து வந்தது, மற்றது மேடையிலிருந்து வந்தது. இன்று வரும் படங்களிலும் இந்த இரண்டு ரத்த ஓட்டங்களையும் பிரித்தறிய முடியும்.

மேடையின் பங்கைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. இயக்குநர் கிங் ஹூ 1966இல் ‘கம் டிரிங்க் வித் மீ’ எடுத்தபோது நாயகி செங் பெய்-பெய்க்குச் சண்டை தெரியாது, நடனம் தெரியும். கிங் ஹூவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஓபராவிலிருந்து வந்த ஹான் யிங்-ஜியே சண்டைகளை அமைத்தார். தாளத்துக்கு அசைவும் நிறுத்தமும் கூடிவர, விடுதிக்குள் நடக்கும் மோதல் நாட்டியம்போல் விரிந்தது. அவர் பின்னர் எடுத்த ‘எ டச் ஆஃப் ஜென்’ படத்தின் மூங்கில் காட்டுச் சண்டையில் வீரர்கள் உச்சியிலிருந்து தலைகீழாகப் பாய்வார்கள். கண்ணில் படாமல் வைத்த டிராம்போலின்களும் மின்னல் வேக வெட்டுகளுமாகச் சேர்ந்து செய்த வேலை அது. 1975இல் கான் விழாவில் தொழில்நுட்பத்துக்கான பெரும் பரிசு அந்தப் படத்துக்குக் கிடைத்தது. கால் நூற்றாண்டு கழித்து ‘க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ படத்தில் ஆங் லீ மூங்கில் காட்டுக்குப் போனது கிங் ஹூவுக்குச் செய்த வணக்கம். செங் பெய்-பெய்யையும் அந்தப் படத்தில் வில்லியாக நடிக்க வைத்தார்.

சண்டை இயக்குநர்களின் இன்னொரு நாற்றங்கால் ஓபரா பள்ளிகள். யூ ஜிம்-யுவென் என்ற ஆசான் ஹாங்காங்கில் நடத்திய சைனா டிராமா அகாடமியில் ஜாக்கி சான், சாமோ ஹுங், யுவென் பியாவ், கோரி யுவென், யுவென் வா எல்லாரும் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். எம்.ஜி.ஆர். காலத்து பாய்ஸ் கம்பெனியை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்: பெற்றோர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், பிள்ளை அங்கேயே தங்கி, உண்டு, அடிவாங்கி, வித்தை கற்கும். தலைகீழாக நிற்பது, குட்டிக்கரணம், வாள், கம்பு, பாட்டு, முக ஒப்பனை என்று பத்தாண்டுப் படிப்பு. இவர்கள் வெளியே வந்தபோது ஓபராவுக்குக் கூட்டம் இல்லை. பிழைப்புக்கு சினிமாவில் டூப் போடப் போனார்கள். புரூஸ் லீயின் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ (1972) படத்தில் உதை வாங்கி, சுவரைப் பிய்த்துக்கொண்டு பறந்து விழும் வில்லனுக்கு டூப் போட்டவர் ஜாக்கி சான்.

புரூஸ் லீ இந்த இரண்டு மரபிலும் அடங்காதவர். 1971இல் ‘தி பிக் பாஸ்’ தொடங்கி 1973இல் ‘என்டர் தி டிராகன்’ வரை முடித்த படங்கள் நான்கே. அந்த ஆண்டு ஜூலை 20ஆம் தேதி 32 வயதில் இறந்துபோனார். முதல் படத்துக்குச் சண்டை அமைத்த ஹான் யிங்-ஜியே பழைய பாணியில் நீளமான அடிதடிகளை யோசித்தார். புரூஸுக்கு மூன்று உதையில் ஆளை வீழ்த்த வேண்டும், அதுவும் கேமரா நகராமல் முழு உடலும் தெரிய வேண்டும். அவர் சொன்னதுதான் திரையில் நின்றது. தானே இயக்கிய ‘வே ஆஃப் தி டிராகன்’ படத்தில் சக் நாரிஸுடன் ரோம் கொலோசியத்தில் மோதும் காட்சியில் இரண்டு பேரும் முதலில் கழுத்தையும் விரல்களையும் நெட்டி முறித்து உடம்பைத் தளர்த்திக்கொள்கிறார்கள். சண்டைக்கு முன் அந்தத் தயாரிப்பைக் காட்டும் பொறுமை இன்றைய படங்களில் அரிது. அவருடைய சண்டையை நகலெடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் தோற்றதற்குக் காரணம், நகலெடுத்தவர்கள் கத்தலை எடுத்துக்கொண்டு இந்தப் பொறுமையை விட்டுவிட்டதுதான்.

லாவ் கார்-லியுங் வேறு வழியில் போனார். ஷா பிரதர்ஸ் நிறுவனத்துக்காக அவர் இயக்கிய ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாலின்’ (1978) படத்தின் நடுப்பகுதி முழுக்கப் பயிற்சிதான். தண்ணீரில் மிதக்கும் கட்டைக் கற்றைமேல் கால் வைத்துத் தாண்டுவது, கையில் கத்தி கட்டிய நிலையில் வாளி தூக்குவது என்று ஒவ்வொரு கூடமாக நாயகன் கடந்து போகிறான். கதை நின்றுவிட்டதுபோல் தோன்ற வேண்டிய இடம் அது. அங்கேதான் படத்தின் உயிர் இருக்கிறது. வன்மத்தையும் ரத்தத்தையும் பெரிதாக மதிக்காதவர் லாவ். அதே ஆண்டில் வந்த ‘ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்’ படத்தில் சீனக் கணவன் ஜப்பானிய ஆசான்களோடு ஒவ்வொருவராக மோதுகிறான்; ஒருவர்கூடச் சாவதில்லை.

அந்த ஆண்டிலேயே யுவென் வூ-பிங் ‘ட்ரங்கன் மாஸ்டர்’ படத்தில் ஜாக்கி சானை வோங் ஃபெய்-ஹுங்காக, ஆனால் உருப்படாத பையனாகக் காட்டினார். குடிகார ஆசானாக வந்தவர் அவருடைய அப்பா யுவென் சியு-தியன். பதினாறு ஆண்டு கழித்து இரண்டாம் பாகத்தை லாவ் இயக்க, சண்டை எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஜாக்கிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. லாவ் விலகிக்கொண்டார். தொழிற்சாலையில் நடக்கும் இறுதிச் சண்டையை ஜாக்கியே மாதக்கணக்கில் எடுத்தார். அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தால் இரண்டு கைகளும் தனித்தனியாகத் தெரியும். முதல் பாதியில் சண்டை நேர்த்தியான அடவு. கடைசிப் பகுதியில் அது கொதிக்கும் உலோகமும் நெருப்புமாக உடம்பை வதைக்கும் சாகசம்.

ஹாங்காங் சண்டை ஏன் கண்ணில் பதிகிறது என்பதற்குத் தொழில்நுட்பமான விடைகள் உண்டு. அமெரிக்கத் திரை ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். முதலாவது, நிறுத்தம். நான்கைந்து அடிகள் ஒரு கொத்தாக வரும். பிறகு இருவரும் ஒரு நொடி உறைந்து நிற்பார்கள். அடுத்த கொத்து தொடங்கும். யார் எங்கே நிற்கிறார், யார் கை ஓங்கியிருக்கிறது என்பது பார்ப்பவருக்கு அந்த ஒரு நொடியில் புரிந்துவிடும். இரண்டாவது, கட் செய்யும் முறை. தூரக் காட்சியில் உதை பட்டதும் கிட்டக் காட்சிக்குப் போகும்போது, அசைவு விட்ட இடத்திலிருந்து தொடராது. இரண்டு மூன்று ஃபிரேம் பின்னுக்குப் போய் அதே உதை மறுபடி படும். கண் அதைத் திரும்ப வந்ததாக உணராது, கனமான அடியாக உணரும். மூன்றாவது, கேமரா வேகம். விநாடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 22 அல்லது 20 ஃபிரேமில் எடுத்து வழக்கமான வேகத்தில் ஓட்டினால் கை கால் விறுவிறுக்கும். அளவு மீறினால் மௌனப்பட நகைச்சுவை ஆகிவிடும். அந்த மயிரிழை தெரிந்தவர்தான் மாஸ்டர். சட்டையில் பவுடர் பூசி, அடி விழுந்ததும் தூசி கிளம்பச் செய்வதுபோன்ற சில்லறைத் தந்திரங்களும் உண்டு.

இவை எல்லாம் ஒன்றுகூடும் இடத்துக்கு ஒரு காட்சியைச் சொல்ல வேண்டுமானால் சாமோ ஹுங் இயக்கி 1984இல் வந்த ‘வீல்ஸ் ஆன் மீல்ஸ்’. ஸ்பெயினில் ஒரு கோட்டை மண்டபம். ஜாக்கி சானுக்கு எதிரே நிற்பவர் பென்னி உர்கிடெஸ், நிஜமான கிக்பாக்ஸிங் சாம்பியன். பென்னி சுழன்று விடும் ஓர் உதை ஜாக்கிமேல் படாமல் போகிறது. அந்தக் காற்றில் பக்கத்து மெழுகுவத்திச் சுடர்கள் அணைகின்றன. ஆள்மேல் படாத உதையின் வலிமையை இதைவிடச் சிக்கனமாகக் காட்ட முடியாது. நன்றாக அடிவாங்கிய பிறகு ஜாக்கி உட்கார்ந்து மூச்சு வாங்கி, இது பயிற்சி ஆட்டம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார். எழுந்ததும் அவர் தோள்கள் தளர்ந்திருக்கின்றன, கால்கள் ஆடத் தொடங்குகின்றன. ஆட்டம் திரும்புவதற்கான காரணம் அந்த உடலிலேயே தெரிகிறது. பின்னணி இசையோ அம்மாவின் நினைவோ தேவைப்படவில்லை.

அடுத்த ஆண்டு ‘போலீஸ் ஸ்டோரி’. பல மாடி வணிக வளாகத்தின் நடுவே தொங்கும் கம்பத்தைத் தாவிப் பிடித்து, சுற்றியிருக்கும் விளக்குச் சரங்கள் வெடிக்க, வழுக்கிக்கொண்டே இறங்கிக் கண்ணாடிக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு விழுகிறார் ஜாக்கி. உள்ளங்கைத் தோல் வெந்துபோனது. அந்தத் தாவலைப் படம் மூன்று கோணங்களில் மும்முறை காட்டுகிறது. கதைக்கு ஒரு முறை போதும். செய்தது அவரேதான் என்று நிரூபிக்க மூன்று முறை. உடைந்த கண்ணாடியின் அளவைப் பார்த்துப் படக்குழு இதற்கு ‘கிளாஸ் ஸ்டோரி’ என்று பட்டப்பெயர் வைத்தது. இந்த வீரத்தை வியக்கும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1986இல் ‘ஆர்மர் ஆஃப் காட்’ படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து அவருக்கு மண்டையோடு உடைந்தது. நாயகன் என்பதால் அது உலகத்துக்குத் தெரிந்தது. அவருடைய குழுவில் எலும்பு முறிந்தவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது.

1990களின் தொடக்கத்தில் ஹாங்காங் ஆண்டுக்கு இருநூறு படங்களுக்கு மேல் எடுத்தது. சுய் ஹார்க்கின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா’ (1991) ஜெட் லீயை ரோப்பில் ஏற்றி, ஏணிகளின்மேல் சண்டையிட வைத்தது. அந்த ரோப் வித்தைதான் யுவென் வூ-பிங்கோடு ஹாலிவுட்டுக்குப் போனது. ‘தி மேட்ரிக்ஸ்’ ஒப்புக்கொள்ளும்போது அவர் வைத்த நிபந்தனை, நடிகர்கள் மாதக்கணக்கில் வந்து பயிற்சி எடுக்க வேண்டும் என்பது. அதுவரை ஹாலிவுட்டில் நடிகர் முகம் ஒரு ஷாட், டூப்பின் முதுகு ஒரு ஷாட் என்று ஒட்டுவேலையாக ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஹாங்காங் சரிந்தது. திருட்டு விசிடி, மிகை உற்பத்தி, ஆசியப் பொருளாதார நெருக்கடி என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் சண்டைப்படத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பு நாற்றங்கால் வறண்டதுதான். ஓபரா பள்ளிகள் மூடப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளையைப் பத்தாண்டு அடித்துப் பழக்கும் பள்ளி திரும்ப வேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார்கள், விரும்பவும் கூடாது. ஆனால் அந்த வித்தைக்கு வாரிசும் இல்லாமல் போனது.

வாரிசுகள் வேறு ஊர்களில் முளைத்தார்கள். தாய்லாந்தில் பன்னா ரித்திக்ரை, ஹாங்காங் படங்களைப் பார்த்தே வித்தை கற்றவர்; அவருடைய சீடர் டோனி ஜா. ரோப்பும் இல்லை, டூப்பும் இல்லை என்ற அறிவிப்போடு ‘ஓங்-பாக்’ 2003இல் வந்தது. அடுத்து வந்த ‘டாம்-யும்-கூங்’ படத்தில் ஓர் உணவகத்தின் வளைந்த படிகளில் நான்கு மாடி ஏறிக்கொண்டே ஆட்களைத் தள்ளிவிடும் சண்டை, சுமார் நான்கு நிமிடம், ஒரே டேக். மேலே போகப் போக டோனி ஜாவின் அடி தளர்வது தெரிகிறது, அது நடிப்பில்லை. இந்தோனேசியாவில் வேல்ஸ் நாட்டுக்காரரான கேரத் எவன்ஸ், சிலாட் கலையில் தேர்ந்த இக்கோ உவைஸையும் யாயான் ருஹியானையும் வைத்து 2011இல் ‘தி ரெய்ட்’ எடுத்தார். ஓர் அடுக்குமாடிக் கட்டடம், ஒரு போலீஸ் படை, மாடிதோறும் அடியாட்கள். கதை ஒரு வரிதான். அந்த இரு நடிகர்களே சண்டையையும் அமைத்தார்கள். அமெரிக்காவில், கீனு ரீவ்ஸுக்கு ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் டூப் போட்ட சாட் ஸ்டஹெல்ஸ்கி ‘ஜான் விக்’ (2014) மூலம் இயக்குநரானார். யுவென் வூ-பிங்கிடம் கற்ற பாடம் அதில் அப்படியே இருக்கிறது: நடிகரைப் பழக்கு, கேமராவைத் தள்ளி வை, வெட்டாதே. ‘டேக்கன் 3’ படத்தில் நாயகன் ஒரு வேலியைத் தாண்டுவதற்குள் பத்துக்கும் மேற்பட்ட கட் விழுந்து கேலிக்கு ஆளான அதே காலகட்டத்தில் வந்த படம் இது.

கடைசி வாரிசுகள் யாரிடமும் நேரில் கற்கவில்லை. கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஆண்டி லே, பிரையன் லே சகோதரர்கள் பழைய ஹாங்காங் படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, தாங்களே சிறு சண்டைகளை எடுத்து இணையத்தில் போட்டவர்கள். அவர்களைத் தேடிப்பிடித்து ‘எவரிதிங் எவரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ (2022) படத்துக்குச் சண்டை அமைக்கச் சொன்னார்கள். இடுப்பில் கட்டும் பையைச் சுழற்றி ஆட்களை அடிக்கும் காட்சியில் பழைய ஜாக்கி சான் அப்படியே எழுந்து வருகிறார். படம் ஏழு ஆஸ்கர் வாங்கியது. சண்டைக்கு அதில் அப்போது பிரிவே இல்லை.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 2026ஆம் ஆண்டுப் பட்டியலையும் அதைத் தாண்டி அறிவிக்கப்பட்டவற்றையும் பார்த்தால் நம்பிக்கையும் சலிப்பும் கலந்தே வருகின்றன. முதலிடம் ‘தி ஃப்யூரியஸ்’ படத்துக்குத் தரலாம். இயக்கியவர் கென்ஜி தனிகாகி. ஜப்பானில் பிறந்து, ஹாங்காங் போய் நடிகர் டோனி யென்னின் சண்டைக் குழுவில் வளர்ந்து, ‘ருரோனி கென்ஷின்’ வரிசையிலும் ‘ட்வைலைட் ஆஃப் தி வாரியர்ஸ்: வால்ட் இன்’ (2024) படத்திலும் சண்டை இயக்கியவர். படம் 2025இல் டொரொண்டோ விழாவின் நள்ளிரவுப் பிரிவில் முதலில் காட்டப்பட்டது. கடத்தப்பட்ட மகளைத் தேடும் தந்தையின் கதை. சிறுவனாக ஜெட் லீக்கு மகனாக நடித்த ஷியே மியாவ், இந்தோனேசியாவின் ஜோ தஸ்லிம், யாயான் ருஹியான், தாய்லாந்தின் ஜீஜா யானின், பிரையன் லே என்று மேலே சொன்ன எல்லாக் கிளைகளும் ஒரே படத்தில் மோதுகின்றன. இப்படிக் கூட்டம் சேர்த்த படங்கள் பல சொதப்பியிருக்கின்றன. இதில் இயக்குநரே சண்டை அமைப்பிலிருந்து வந்தவர் என்பதுதான் வித்தியாசம்.

‘ட்வைலைட் ஆஃப் தி வாரியர்ஸ்’ படத்துக்கு முன்கதையும் தொடர்ச்சியும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. 1990களில் இடிக்கப்பட்ட கவுலூன் வால்ட் சிட்டியை, ஆள் நுழைய முடியாத சந்துகளும் தலைக்குமேல் தொங்கும் ஒயர்களுமாக செட் போட்டு, அந்த நெருக்கடியையே சண்டைக்கு ஆயுதமாக்கிய படம் அது. அந்த இடத்தை விட்டுக் கதை வெளியே போனால் பாதி பலம் போய்விடும். யுவென் வூ-பிங் எண்பது வயதில் இயக்கிய ‘பிளேட்ஸ் ஆஃப் தி கார்டியன்ஸ்’ பாலைவனப் பின்னணியில் வூ ஜிங்கோடு ஜெட் லீயையும் திரைக்கு மீட்டுவந்த படம். 2026 சீனப் புத்தாண்டுக்கென எடுக்கப்பட்டது. ‘ஜான் விக்’ நான்காம் பாகத்தில் கண் தெரியாத கொலையாளியாக வந்த கேய்ன் பாத்திரத்தை வைத்து டோனி யென்னே இயக்கி நடிக்கும் படம் அறிவிக்கப்பட்டுள்ளது. ஓசையைக் கேட்டு அடிக்கும் அந்தப் பாத்திரத்தில் இன்னும் தோண்டாத வித்தை நிறைய இருக்கிறது.

‘மார்ட்டல் காம்பாட்’ இரண்டாம் பாகத்தில் எதிர்பார்ப்பை அடக்கி வைப்பது நல்லது. 2021இல் வந்த முதல் பாகத்தில் ஹிரோயுகி சனாடாவும் ஜோ தஸ்லிமும் மோதும் தொடக்கக் காட்சி மட்டும் தேறியது. மிச்சச் சண்டைகளை எடிட்டிங் மென்று தின்றுவிட்டது. ‘ரஷ் ஹவர்’ நான்காம் பாகம் வரும் என்கிறார்கள். 1954இல் பிறந்த ஜாக்கி சானிடம் இன்னமும் தாவல் கேட்பது நியாயமில்லை. அவர் வயதுக்கேற்ற வேலையை ‘தி ஷேடோஸ் எட்ஜ்’ (2025) சரியாகக் கண்டுபிடித்தது: ஓய்வுபெற்ற கண்காணிப்பு நிபுணர், மோதல்கள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் பிறகு இளைப்பு. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘எ லெஜண்ட்’ இதற்கு நேர்மாறு. செயற்கை நுண்ணறிவால் செய்த இளமை முகத்தை இன்னொருவர் உடம்பில் ஒட்டினார்கள். அடிவாங்கும்போது வலி ஏறாத முகம் அது. வலியைக் காட்டியே புகழ்பெற்ற ஒருவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது.

தமிழ் ரசிகருக்கு இந்த உலகம் அந்நியமில்லை. ஜாக்கி சான் பல வீடுகளில் தமிழ் பேசித்தான் அறிமுகமானார். ‘இந்தியன்’ (1996) வர்மக்கலையையும் ‘பட்டாஸ்’ (2020) அடிமுறையையும் கதைக்குள் கொண்டுவந்தன. ‘ஏழாம் அறிவு’ (2011) காஞ்சியிலிருந்து போன போதிதர்மரே ஷாலினுக்குத் தற்காப்புக் கலை தந்தவர் என்றது. போதிதர்மரோடு அந்தப் பயிற்சிகளை இணைக்கும் சீன நூல் பதினேழாம் நூற்றாண்டில்தான் தோன்றியது. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பின்னால். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், வரலாறாகச் சொல்வதற்குச் சான்று போதாது. ஹாங்காங்கிடமிருந்து தமிழ் சினிமா ரோப்பை வாங்கிக்கொண்டது, ஷாட்டை வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை. நாயகன் கை ஓங்கினால் ஸ்லோ மோஷனில் பத்துப் பேர் பறப்பார்கள். அவன்மேல் ஓர் அடி விழ இரண்டாம் பாதி வரை காத்திருக்க வேண்டும். அடிவாங்காதவன் ஜெயிப்பதில் சுவாரசியம் இல்லை என்பது ஜாக்கி படம் பார்த்த எந்தச் சிறுவனுக்கும் தெரியும். சென்னையின் ஸ்டண்ட் கலைஞர்களுக்குத் திறமைக் குறைவு இல்லை. ஒரு சண்டைக்குக் கிடைக்கும் நாட்களும், நாயகன் ஒத்திகைக்கு ஒதுக்கும் நேரமும்தான் குறைவு. இந்தியில் வந்த ‘கில்’ (2023), ஓடும் ரயில் பெட்டியின் ஒடுங்கிய நடைபாதையில் நாயகனைச் சரமாரியாக அடிவாங்க வைத்தது. கொரியாவின் ஓ சே-யோங்கும் பர்வேஸ் ஷேக்கும் சேர்ந்து அமைத்த அந்தச் சண்டைகளைப் பார்த்த ஸ்டஹெல்ஸ்கியின் நிறுவனம் ஆங்கில மறுஆக்கத்துக்கு முன்வந்தது.

அங்கீகாரத்தில் மட்டும் இந்தியா ஹாலிவுட்டை முந்திவிட்டது. ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்புக்கு 1980களிலிருந்தே தனிப் பிரிவு உண்டு. இந்திய தேசிய விருதில் 2016ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து அது சேர்க்கப்பட்டு, முதல் விருது ‘புலிமுருகன்’ மலையாளப் படத்துக்காக பீட்டர் ஹெயினுக்குப் போனது. பின்னர் ‘கே.ஜி.எஃப். 2’ படத்துக்காகச் சென்னை இரட்டையர்கள் அன்பறிவ் அதை வாங்கினார்கள். ஆஸ்கர் அகாடமி 2025 ஏப்ரலில்தான் இறங்கி வந்தது: 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்கு விருது, 2028இல் நடக்கும் நூறாவது விழாவில் முதல்முறையாக வழங்கப்படும். விருதின் பெயரில் கார் துரத்தல், உயரத்திலிருந்து விழுதல், நெருப்பு எல்லாம் அடங்கும். வாக்களிப்பவர்கள் ஹாலிவுட்காரர்கள் என்பதால் முதல் சிலை விமானத்திலிருந்து தொங்கும் ஏதாவது ஒரு படத்துக்குப் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஒரு சின்ன அறையில் இரண்டு பேர் மோதும் படம் வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும்.